மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நிற்க வேண்டும்

எம்.பி.ஏ. முடித்த உறவுக்காரப் பெண் ஒருவர் சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு மார்க்கெட்டிங் வேலைக்குப் போக விருப்பம். அதிகம் பேசாதவள் அந்த வேலையில் எப்படிப் பிழைப்பாள் என்று வீட்டில் தயங்குகிறார்கள். இருபத்தாறு ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில், அந்தத் தயக்கம் தவறு என்றே சொல்வேன். பேச்சுத் திறமையால் முதல் ஆர்டரை வாங்கிவிடலாம். பார்க்கவும் கேட்கவும் தெரிந்தவர்களே இரண்டாவது ஆர்டரை வாங்கியதைக் கண்டிருக்கிறேன்.

நான் முதலில் சேர்ந்தது ஒரு தேயிலைத்தூள் நிறுவனத்தில். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள் என் லைன், அதாவது நான் ஆர்டர் எடுக்கச் சுற்றும் பகுதி. காலை பதினோரு மணிக்குக் கடைக்குப் போவேன், ஆர்டர் எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டு மாலை வரை ஒரு மளிகைக்கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஆறு மணிக்கு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வந்த பெண்கள், அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டிய அளவு மட்டும் எண்ணெய், பருப்பு, தேயிலை என்று வாங்கிப் போனார்கள். எங்கள் சிறிய பொட்டலங்களோ கடையின் உள்ளே, அவர்கள் கண்ணுக்கே படாத அலமாரியில் கிடந்தன. அவற்றைச் சரமாகக் கட்டி வாசலில் தொங்கவிடும்படி அண்ணாச்சியிடம் அன்றுதான் கேட்டேன். அத்தனை மாதங்கள் பேசிப் பேசி விற்க முயன்ற பொருள் அதன்பிறகு தானாக விற்றது.

கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனை இந்தியாவில் ஷாம்பு பாக்கெட்டின் முன்னோடி என்று சொல்வார்கள். பாட்டிலுக்குப் பணம் சேர்த்து வைக்க முடியாத மனிதரும் அன்றைய தேவைக்கு ஒரு பாக்கெட் வாங்குவார் என்று கண்ட கண் அவருடையது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயுடன் தனியாகத் தொடங்கியதுதான், பின்னாளில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற நிறுவனம். ஷாம்புவே அறியாத கிராமங்களில் அவரது ஆட்கள் சிறுவர்களின் தலையை எல்லோர் முன்னிலையிலும் அலசிவிட்டு, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்த ஷாம்புவின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொடுத்தால் தங்கள் நிறுவனத்தின் சிக் ஷாம்பு ஒன்று இலவசம் என்றும் அறிவித்தார்கள். மக்கள் பழகிய பிறகுதான் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தை எப்போது செய்வது என்று பொறுத்திருந்து அறிந்ததைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். அவசரக்காரர் முதல் மாதமே மாற்றியிருப்பார்.

நேர்மையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. ஒரு மாதக் கடைசியில், டார்கெட்டை எட்டுவதற்காக, மேலாளர் சொன்னபடி ஒரு சிறிய கடையில் பத்துப் பெட்டி சரக்கை ஏற்றினேன். அந்தக் கடையில் அவ்வளவு விற்காது என்று எனக்குத் தெரியும். என்னை நம்பித்தான் கடைக்காரர் வாங்கினார். மழைக்காலத்தில் பாதிச் சரக்கு நமுத்துப்போனது. நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் போனால் அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தியதே இல்லை. அந்த மாதம் எனக்குக் கிடைத்த ஊக்கத்தொகை எவ்வளவு என்பது மறந்துவிட்டது. அவருடைய முகம் மறக்கவில்லை.

மறுப்பைத் தாங்கும் மனமும், எண்களைப் படித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்தான். இரண்டும் வேலையில் இறங்கினால் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு வேலைகள் கைக்கு எட்டியிருக்கின்றன: ஒன்று சென்னை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில்; மற்றொன்று சம்பளம் சற்றுக் குறைவான களவேலை, தஞ்சாவூர் வட்டாரத்தில். தஞ்சாவூருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். கடைக்கு எந்த நேரத்தில் போனால் நல்லது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி ஒன்றே எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை தந்தது.