கிரேன் வைத்துத்தான் குதிரை ஏறினார்களா?

"இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் கவசம் நூறு கிலோ. கிரேனில் தூக்கித்தான் குதிரைமேல் உட்கார வைப்பார்கள். விழுந்தால் எழவே முடியாது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

15ஆம் நூற்றாண்டுப் போர்க்களத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். அந்த எடையும் ஒரே இடத்தில் தொங்காது. உள்ளே போட்ட பஞ்சுச் சட்டையிலும் இடுப்பிலும் தோளிலும் பிரித்துக் கட்டுவார்கள். மூட்டுகளில் சிறு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி மடங்கும். பிரெஞ்சுத் தளபதி பூசிகோ, தலைக்கவசம் மட்டும் இல்லாமல் முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்ததாக அவர் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் புகழ்ச்சி கலந்திருக்கலாம்தான். ஆனால் இன்று பொழுதுபோக்காகக் கவசம் பூட்டிச் சண்டையிடுபவர்களும் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள்.

அதற்காகச் சுமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவானது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் வீச வேண்டும். மார்புத் தகடு மூச்சை ஆழமாக இழுக்க விடாது.

விளையாட்டுப் போட்டிகளுக்கென்றே செய்த சில கவசங்கள் 40 கிலோவைத் தொட்டது உண்மை. அவற்றை யாரும் போருக்கு அணிந்து போகவில்லை.