ஒரு கமாவுக்கு 18 எம்பியா?

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பிடிஎஃப் 18 எம்பி. மெயில் போவது 12 பேருக்கு. இதுவரை ஒன்பது முறை வந்துவிட்டது. ஒரு கமா மாறினாலும் முழு கோப்பையும் மறுபடி இணைத்து எல்லோருக்கும் தட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே அறிக்கைக்குக் கிட்டத்தட்ட 2 ஜிபி!

அதுவும் முழுக் கணக்கு இல்லை. மெயில் எழுத்துகளை அனுப்பப் பிறந்த ஏற்பாடு. அதில் கோப்பை இணைத்தால் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறித்தான் பயணிக்கும். 18 எம்பி, வழியில் 24 ஆகிவிடும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது மெயில், டிரைவ் (கூகுளில் கோப்புகளைச் சேமிக்கும் இடம்), போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. என் குழந்தையின் படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. போன வாரம் அது நிரம்பி, எனக்கு வரவேண்டிய மெயில்கள் திரும்பிப் போயின. அதில் ஒன்று புதிய வேலைக்கான அழைப்பு. நான் பதில் போடவில்லை என்று நினைத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இதற்கு யார் பொறுப்பு?

டிரைவில் ஒரு முறை ஏற்றி லிங்க் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? திருத்திய கோப்பை அதே கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றினால் லிங்க் கூட மாறாது. எது கடைசி என்று யாரும் தேட வேண்டாம். "ஃபைனல்", "ஃபைனல் 2", "இதுதான் ஃபைனல்" என்று பெயர் வைக்கவும் வேண்டாம். ஆனால் லிங்க் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அனுமதியையும் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். இரவு பத்து மணிக்குத் திறந்தால் "அனுமதி கேளுங்கள்" என்று நிற்கிறது. கேட்டால் மறுநாள் மதியம்தான் கிடைக்கிறது. ரகசியமான கோப்பு என்றால் அந்த 12 முகவரியை மட்டும் சேருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஸ்கேன். கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத்தை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில் எடுத்து அனுப்புகிறார்கள். கறுப்பு எழுத்துக்கு எதற்கு கலர்? 300 ஆகக் குறைத்தாலே புள்ளிகள் நாலில் ஒரு பங்காகிவிடும். படிக்க ஒரு குறையும் இருக்காது.

இன்று அந்தக் குழுவுக்கு எழுதிவிட்டேன். பத்தாவது திருத்தமும் இணைப்பாக வந்தால் திறக்க மாட்டேன். லிங்க் அனுப்பினால் அன்றைக்கே பார்த்துத் தருகிறேன்.