பெயிண்ட் டப்பாவை மூடுங்கள்

போன ஞாயிறு நடந்த கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் துப்புரவு வேலை) படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பழைய தோட்டத்து இடுகாடு. தீபாவளிக்கு முன் 'முன்னோரைப் போற்றுவோம்' என்று பேனர். கல்லறைகள் பால்வெள்ளையாக மின்னுகின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒன்றிலாவது பெயர் தெரிகிறதா?

அந்தக் காலத்துத் தோட்டக் கல்லறையில் பாதி பளிங்கு கிடையாது. சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன் ஆணியாலோ குச்சியாலோ கீறிய எழுத்து. ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பெரிய விஷயம். வாட்டர் ஜெட் பீய்ச்சினால் முதலில் உதிர்வது கீறலின் விளிம்பு. மிச்சத்தைக் கம்பி பிரஷ் தேய்த்துவிடும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் சிமெண்ட்டையே தின்னும். அதற்கு மேல் இரண்டு கோட் எமல்ஷன் அடித்தால் பள்ளமும் நிரம்பிவிடும். பெயரை அழித்துவிட்டுப் போற்றுகிறோமாம்.

"நீங்க வந்து செஞ்சிருக்கலாமே" என்பீர்கள். சரி, செய்யும் முறையையே சொல்கிறேன்.

லாலாங் என்கிற காட்டுப் புல்லை வெட்டியதும் கல்லறைகள் நிற்கும் வரிசையை ஒரு தாளில் வரைந்து எண் போடுங்கள். பக்கத்துக் குழி பல சமயம் சொந்தக்காரருடையது, அந்த வரிசையும் ஒரு தடயம். வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் மூங்கில் சிராயும் போதும். பாசியை நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும். பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால்தான் கீறலுக்குள் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். படம் எடுங்கள். இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். புள்ளி வைக்காமல் 'முததமமாள' என்று இருந்தால் அப்படியே. திருத்த வேண்டாம், நமக்கு அங்கே வாத்தியார் வேலை இல்லை.

ஆங்கில வருடம் இல்லாமல் 'சித்திரபானு ஆவணி' என்று இருந்தால் அது 1942. அதே சித்திரபானு, ஆனால் மாசி என்றால் 1943, ஏனென்றால் தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்காதீர்கள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்துத் தாளில் 2602 என்று கண்டால் சிரிக்காதீர்கள், அது ஜப்பானியப் பேரரசுக் கணக்கு, அதுவும் 1942தான்.

சில கல்லில் 'சேலம் ஜில்லா நாமக்கல் தாலுகா' என்று சொந்த ஊரும் இருக்கும். 1938-இல் இந்தியா மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியதற்கு முன், ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியோடு வந்தவர்கள். அவர்களுடைய தாள்கள் எத்தனை வீட்டில் மிஞ்சியிருக்கின்றன? அந்த ஒரு வரி போனால் கொள்ளுப்பேரன் எந்த ஊரில் போய் விசாரிப்பான்?

"அழுக்கோடு விட்டால் அவமரியாதை இல்லையா?" பாசி அவமரியாதை இல்லை ஐயா. அதோடுதான் எழுத்து எண்பது வருடம் நின்றது. "வருஷா வருஷம் இப்படித்தான் அடிக்கிறோம்" என்கிறார் இன்னொருவர். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாசலில் நன்கொடையாளர் பலகை. கருங்கல், பொன்னெழுத்து, அரை அங்குல ஆழம். உள்ளே கிடப்பவருக்குக் கிடைத்தது ஆணிக் கீறல், அதையும் நிரப்பியாயிற்று. போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய் இறந்த நம் ஆட்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாகக் கைதிச் சிப்பாய்களுக்கு. அந்த வரிசையில் நம் தோட்டத்து ஆளைத் தேடிப் பாருங்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லும் கல்லே இல்லை. இங்கே கல் இருக்கிறது, அதைத்தான் நாமே வெள்ளையடிக்கிறோம்.

கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். செம்பனை ஓரமாக, மேட்டுப் பக்கத்தில், இன்னும் பெயிண்ட் படாத கல் பதினைந்தாவது இருக்கும். வரும் ஞாயிறு அந்தப் பக்கம் என்று அறிவித்திருக்கிறீர்கள். டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு டார்ச் கொண்டு வாருங்கள்.