பிட் எண்ணிக்கையை விட டார்க் முக்கியம்

பேட்டரி ஸ்க்ரூடிரைவர் பத்தின கட்டுரையில 45 பிட் (மாத்தி மாட்டுற முனை) இருக்கிற செட்டையே முதலிடத்துல வெச்சிருக்கீங்க. வீட்டு வேலையில பெரும்பாலும் உழைக்கிறது பிஎச்2 (நடுத்தர சைஸ் ஸ்டார் முனை) பிட் ஒண்ணுதான். பார்க்க வேண்டியது டார்க், அதாவது திருகுற விசை. 3.6 வோல்ட் மாடல்ல 4 நியூட்டன் மீட்டர் இருந்தா கப்போர்டு கீல், கொசுவலை ஃபிரேமுக்குத் தாராளம். கிளட்ச் (ஸ்க்ரூ இறுகினதும் திருகுறதை நிறுத்துற அமைப்பு) அவசியம், இல்லேன்னா சுவிட்ச் பிளேட் விரிசல் விட்டுடும். தேக்கு வாசல் நிலையில 8ஆம் நம்பர் ஸ்க்ரூவை நேரா ஏத்தாதீங்க. பாதியில மோட்டார் திணறும், பிட் துள்ளி ஸ்டார் தலை மழுங்கிடும், அப்புறம் கழட்டவும் முடியாது. முதல்ல 3 மி.மீ. ஓட்டை போட்டு, மரையில சோப்பு தடவி ஏத்துங்க. பாரிமுனையில வாங்கினா, கடையிலேயே பிட்டை மாட்டி ஆட்டிப் பாருங்க. ரொம்ப ஆடினா வேண்டாம். பரண்ல சார்ஜ் இல்லாமலே மாசக்கணக்கா போட்டு வெச்சா லித்தியம் செல் செத்துடும்.