பியூட்டிரேட் மாத்திரை கீமோவுக்கு மாற்று அல்ல
"பியூட்டிரேட் மாத்திரை போட்டால் பெருங்குடல் புற்றுநோய் செல் தானே செத்துவிடும், கீமோ எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். பியூட்டிரேட் என்பது குடலில் உண்டாகும் ஒரு கொழுப்பு அமிலம். செல் சாவது ஆய்வகத் தட்டில் உண்மைதான். நல்ல குடல் செல் பியூட்டிரேட்டை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். புற்றுநோய் செல்லோ பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியிருக்கும். எரியாத பியூட்டிரேட் உட்கருவில் சேர்ந்து, மரபணுக்களை அடக்கிவைக்கும் ஹெச்டாக் (HDAC) நொதிகளைத் தடுக்கும். அடங்கிக் கிடந்த பி21 போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்ள, செல் பிரிவது நிற்கும். பல செல்கள் தற்கொலைப் பாதைக்கே போய்விடும்.

சரி, மாத்திரை? வெறும் பியூட்டிரேட்டில் பெரும்பகுதி பெருங்குடலை எட்டுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும். அங்கே அதைத் தயாரிப்பது நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள். கேழ்வரகு, பயறு தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பிக் கீமோவை நிறுத்தாதீர்கள். குடல் அடைப்பு இருப்பவர்களுக்கு நார்ச்சத்தே வினையாகலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.