மூணு சக்கரத்துக்கு அழும் காசு

ஆட்டோவுக்கு டயர் மாற்ற வேண்டும் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. கார்க்காரர் பள்ளத்தை நடுவில் விட்டு ஓட்டிவிடுவார். நமக்கு முன் சக்கரம் தப்பினால் பின் சக்கரம் விழும், பின்னது தப்பினால் முன்னது நேராக இறங்கும். மழைக்குப் பிந்தைய சென்னைச் சாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 8 இஞ்ச் ரிம்முக்கான குட்டி டயர்தான், ஒன்றே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அப்புறம் டியூப், கழற்றி மாட்டக் கூலி. பின்னால் ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம், ஜோடியாகப் போடு என்கிறார் கடைக்காரர். சரி, ஸ்டெப்னியை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அது இதைவிட மொட்டை. 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அன்றைய டயர் விலைக்கே அது எட்டவில்லை. மேலே பத்து ரூபாய் கேட்டால் மட்டும் நாங்கள் கொள்ளைக்காரர்கள்!