மின்சாரத்துக்கு அவசரம், தண்ணீருக்குக் குழு

மன்னார் காற்றாலைகளை எதிர்ப்பவர்கள் எல்லாரும் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எழுதும் நண்பர்களுக்கும், காற்றாலை என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்தெழும் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. நான் காற்றுக்கும் வெயிலுக்கும் ஆதரவாளன். அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்காரன். "மின்சாரம் கொண்டுவருகிறோம்" என்று அரசாங்கம் வந்து நிற்கும்போது அதனிடம் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை நாங்கள் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்த பிறகுதான் கண்டுகொண்டோம்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். குடாநாட்டின் நான்கு நிலத்தடி நீர்ப்படுகைகளில் பெரியது வலிகாமத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே ஊற்றுகிற எதுவும் வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். ஒரு வளவில் இறங்கியது பக்கத்து வளவுக் கிணற்றில் ஏறும், மதில் கட்டி மறிக்க முடியாது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு மேலேதான் எங்களுடைய மின்சாரம் உற்பத்தியானது. போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்ததால் எண்ணெய் எரித்து வரும் மின்சாரம்தான் கதி. பிறகு நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் சுன்னாகத்தில் அனல்மின் நிலையம் நடத்தியது. இலங்கை மின்சார சபையின் 24 மெகாவாட் உத்துரு ஜனனியும் 2013இல் அங்கேயே வந்தது. திறப்பு விழாக்கள் சிறப்பாக நடந்தன. கழிவு ஒயில் எங்கே போகிறது என்று அந்த மேடைகளில் யாரும் கேட்கவில்லை. கேட்டது கிணற்றில் வாளி விட்டவர்கள்தான்.

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 கடைசியிலிருந்து 2014 நடுப்பகுதிவரை சுன்னாகத்தைச் சுற்றி 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109இல் எண்ணெயும் கிரீஸும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. பத்துக் கிணற்றில் ஏழு. இதைச் சொன்னது அரசாங்கத்தின் சொந்தச் சபை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டக்காரர்களின் துண்டுப்பிரசுரம் அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றுவரை செரிக்க முடியாத பகுதி. ஊரூராகப் பவுசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் வந்தது. ஒரு பக்கம் "கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்றார்கள். இன்னொரு பக்கம் வடக்கு மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, தண்ணீரில் ஆபத்தான நச்சு உலோகங்கள் இல்லை என்று 2015இல் அறிக்கை தந்தது. போரில் சேதமான மின்சார சபையின் பழைய எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து கசிந்ததுதான் இது என்று வேறொரு வாதம். சரி, அந்த மூன்றையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்கு மா கரைக்கப் போகும் தாய் எந்தத் தண்ணீரை எடுப்பாள்? அந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் சொல்ல மத்தியிலும் ஆள் இருக்கவில்லை, மாகாணத்திலும் ஆள் இருக்கவில்லை. எங்கள் கையில் எங்களுடைய ஆட்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு (நானும் மாகாண சபைக்கு வாக்குப் போட்டவன்தான்) அந்த வருடம் நல்ல பாடம்.

வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம். எங்கள் அரசியல்வாதிகள் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனுத் தாக்கல் செய்தார். 2015இல் போட்ட வழக்குக்கு 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் நிலத்தடி நீரை மாசாக்கியது உண்மை, மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும், மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தங்கள் கடமையில் தவறின. இழப்பீடு 2 கோடி ரூபாய். சட்டம் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டிய தீர்ப்புத்தான். ஆனால் 500 கிணறு என்று வைத்துப் பிரித்துப் பாருங்கள், ஒரு கிணற்றுக்கு 40 ஆயிரம் ரூபாய். இறைத்துத் துப்புரவாக்கப் போதும். கீழே கல்லுக்குள் ஊறிப்போனதை யார் இறைப்பது?

ஒயில் ஒரு வகையில் நேர்மையான நஞ்சு. மிதக்கும், மணக்கும், பிடிபடும். நைத்திரேற்று அப்படியல்ல. பசளையும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் அதை ஏற்றிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறியும். பால்குடிக் குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. இதற்காக ஒரு நாளாவது யாராவது வீதியில் இறங்கியிருக்கிறோமா? இல்லை. குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தனியாக ஒரு கம்பனி இல்லாததால் எங்களுக்கும் இதில் ருசி குறைவு.

இப்போது அரசாங்கத்தின் விடை கடல். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கேட்டுக் கிளிநொச்சி விவசாயிகளோடு மல்லுக்கட்டியதைவிட இது மேல் என்பதே என் கருத்து. ஆனால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் போகும். 3 என்று குறைத்துப் போட்டாலும், முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 72,000 அலகு. மின்சாரத்துக்காகத் தண்ணீரைக் கெடுத்தோம், இப்போது தண்ணீருக்காக மின்சாரத்தை எரிக்கிறோம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரியிலிருந்து வருகிறது. அதன் சாம்பல் போகிற இடத்தில் இருப்பவர்களுக்கும் கிணறு இருக்கும்.

ஆகவே காற்றும் வெயிலும் வேண்டும். எனக்கு அதற்கு ஐக்கிய நாடுகள் மாநாட்டுப் பிரகடனம் எதுவும் தேவையில்லை. காற்றாலை கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாது என்ற ஒரு காரணம் போதும்.

ஆனால் கையாள்கிற கை அதே கைதான். மன்னாரைப் பாருங்கள். மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைத் திட்டம், 103.5 மெகாவாட், 2020இல் திறந்தார்கள். பிறகு 2022இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி விலைமனு என்ற நடைமுறையையே தளர்த்தினார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்தோடு பேச்சு. 2024இல் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று அமைச்சரவை ஒப்புக்கொண்டது. வலசைப் பறவைகளின் பாதை என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆட்சி மாறி, விலை மறுபரிசீலனைக்கு வந்து, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. விலை அதிகம் என்று நானும் சொன்னவன்தான். ஆனால் மன்னார்ச் சனங்கள் இதையெல்லாமா கேட்டார்கள்? அவர்கள் கேட்டது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கோபுரம் நட்டால் மழைவெள்ளம் எந்த வழியால் வடியும் என்பதைத்தான். இல்மனைற் என்ற கனிமத்துக்காக மணலையும் அள்ளினால் அந்த மணலுக்குள் நிற்கும் நன்னீர் என்னாகும் என்பதையும் கேட்டார்கள். அதானி போன பிறகும் அங்கே தொடர்ந்த வேறு காற்றாலைப் பணிகளை 2025 ஓகஸ்டில் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். செப்டெம்பரில் பொலிஸ் காவலோடு காற்றாலைப் பாகங்கள் வந்தன, மக்களுக்கு அடி விழுந்தது. சுன்னாகத்தில் பவுசர், மன்னாரில் பொல்லு. பதில் மட்டும் இரண்டு இடத்திலும் இல்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கதை இன்னும் கொடுமை. டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகள். காற்று, சூரிய ஒளி, மின்கலம் மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம், 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. சீனா விலகியது. இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் கையெழுத்தானது. இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்ட அந்த மூன்று வருடமும் தீவில் டீசல்தான் எரிந்தது.

கூரைமேல் சோலார் போட்டவர்களும் பாவம். கடன் எடுத்துப் போட்டார்கள். 2025 பெப்ரவரியில் நாடே இருண்டது, பழியைப் பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு சுமந்தது. ஏப்ரல் புதுவருட விடுமுறையில், மின்பாவனை குறைவு, சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. மின்கலச் சேமிப்பை முதலிலேயே திட்டமிடாமல் 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு அறிவித்தவர்கள் யாரும் குரங்கு அல்லவே.

எனக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இருக்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் தீர்ப்புக்குப் பிறகு எத்தனை எப்போது சோதிக்கப்பட்டன, எண்ணெய் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு? இந்தக் கணக்கை வலிகாமம் தெற்குப் பிரதேச சபை தன் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். சந்தைக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். மன்னாரில் ஒவ்வொரு கோபுரம் நடும் முன்பும் பக்கத்துக் கிணற்று நீரின் தரத்தையும் ஆழத்தையும் அளந்து பதிந்து வைக்கட்டும். நாளைக்குப் பிரச்சினை வந்தால் "இது முன்பே இப்படித்தான் இருந்தது" என்று ஒருவரும் கைகழுவ முடியாது. சுன்னாகத்தில் அந்தப் பழைய கணக்கு இல்லாததால்தான் யாருடைய ஒயில் என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

நான் ஒரு தகவல் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும். ஏழாலை, மல்லாகம், தெல்லிப்பளை, சுன்னாகம், உடுவில் பக்கம் தங்கள் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை வைத்திருப்பவர்கள் ஊரையும் ஆண்டையும் மட்டும் கமெண்டில் போடுங்கள். அறிக்கையின் படத்தை உள்பெட்டியில் அனுப்பினால் போதும், பெயர், முகவரி பகுதியை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.